அப்பாவுக்குப் பார்வை போனது, எனக்கும் போகுமா?

கேள்வி: எனக்கு வயது 44. குடியாத்தத்தில் கைலி உற்பத்தி செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு சுகர் இருப்பது தெரிந்தது. மாத்திரை சாப்பிடுகிறேன். போன மாதம் எடுத்த மூன்று மாத சர்க்கரை சராசரி (எச்பிஏ1சி) 8.4. என் அப்பாவுக்கும் சுகர் இருந்தது. 1998-ல், 56 வயதில், இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. கடைசி வரை கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போனோம். பெரியப்பாவுக்கும் அப்படியே ஆனது. வாணியம்பாடியில் இருக்கும் அண்ணனுக்குப் பத்து வருடமாக சுகர். கண்ணைக் காட்டச் சொன்னால், "நம்ம வம்சத்து ஜீன் அது, வர்றது வந்தே தீரும்" என்கிறார். உறவுக்காரப் பையன் ஒருவன், எச்சிலை அனுப்பினால் ஜீனைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள், செய்துகொள்ளுங்கள் என்கிறான். இன்னொரு விஷயம், என் மகளை என் அக்கா மகனுக்குக் கேட்கிறார்கள். அக்காவுக்கும் சுகர். பிறக்கும் பிள்ளைகளுக்குக் கண் பாதிக்குமா என்று வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: ஐயா, பல கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற பயம் ஒன்றுதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பார்வை போயிருப்பதால், சர்க்கரை உள்ள மற்றவர்களைவிட உங்கள் விழித்திரைக்கு ஆபத்து கூடுதல் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கூடுதல் ஆபத்து உள்ள ஒருவர் சரியான நேரத்தில் கண்ணைக் காட்டினால், அவருடைய பார்வையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிட முடிகிறது. வேலூரில் கண் மருத்துவராக இருந்து தினமும் பார்ப்பதை வைத்தே இதைச் சொல்கிறேன்.

இனி ஜீன் விஷயத்துக்கு வருவோம். உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன்.

சர்க்கரை நோய் வருவதற்குக் காரணமான ஜீன்கள் வேறு, வந்த பிறகு கண் கெடுவதற்குக் காரணமான ஜீன்கள் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி பயம். முதல் வகையில் நிறையக் கண்டுபிடித்துவிட்டார்கள். 2006-ல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் சொன்ன டிசிஎஃப்7எல்2 என்ற ஜீன் அதில் முக்கியமானது. தென்னிந்தியர்களிடமும் அது உறுதியாகியிருக்கிறது. அந்த ஜீன்கள் உங்களுக்கு வந்திருக்கலாம், அதனால் சுகரும் வந்திருக்கலாம். அது முடிந்த கதை. இப்போது நமக்கு வேண்டியது இரண்டாவது கேள்வி: ஒரே அளவு சுகர், ஒரே அளவு வருடம் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கண் கெடுகிறது, இன்னொருவருக்குக் கெடவில்லை, ஏன்?

இதற்குப் பழைய, நல்ல சாட்சி இரட்டையர்கள். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களுக்கு ஜீன்கள் அச்சாக ஒன்றாகவே இருக்கும். அப்படிப்பட்ட, இருவருக்கும் சர்க்கரை உள்ள ஜோடிகளின் கண்களை லண்டனில் சோதித்து 1982-ல் முடிவை வெளியிட்டார்கள். பெரியவர்களுக்கு வருகிற இரண்டாம் வகை சர்க்கரை இருந்த 37 ஜோடிகளில் 35 ஜோடிகளுக்குக் கண்ணின் நிலை இருவரிடமும் ஒத்துப்போனது. சிறுவயதில் வருகிற முதல் வகையில் 31 ஜோடிகளில் 21. ஒருவருக்கு விழித்திரை கெட்டிருந்தால் மற்றவருக்கும் ஏறக்குறைய அதே அளவு கெட்டிருந்தது. ஒருவருக்கு நன்றாக இருந்தால் மற்றவருக்கும் நன்றாக இருந்தது.

நம் பக்கத்திலேயே ஒரு ஆய்வு இருக்கிறது. சென்னையில் டாக்டர் ரேமா, டாக்டர் மோகன் குழுவினர் கூடப்பிறந்தவர்களை எடுத்துப் பார்த்து 2002-ல் எழுதினார்கள். சர்க்கரையால் கண் பாதித்த ஒருவரின், சர்க்கரை உள்ள அண்ணன் தம்பி அக்கா தங்கைகளுக்குக் கண் பாதிக்கிற வாய்ப்பு, பாதிப்பு இல்லாதவரின் கூடப்பிறந்தவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகமாக இருந்தது. பின்லாந்தில் முதல் வகை சர்க்கரை உள்ள குடும்பங்களை ஆராய்ந்து, கண் நோய் முற்றிய கட்டத்துக்குப் போவதில் ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்தில் சுமார் பாதியைப் பரம்பரை விளக்குகிறது என்று 2008-ல் சொன்னார்கள். பாதி என்றவுடன் "எனக்கு ஐம்பது சதவீதம் கண் போகும்" என்று படித்துவிடாதீர்கள். அது ஒரு பெரிய கூட்டத்துக்குள் இருக்கிற வித்தியாசத்தைப் பற்றிய கணக்கு. தனி ஒருவருக்கு அது ஜோசியம் ஆகாது.

சரி, அந்த ஜீன்கள் கண்ணுக்குள் என்ன செய்கின்றன? விழித்திரையில் ஓடும் மிகச் சிறிய ரத்தக்குழாய்களைச் சுற்றி, அவற்றை அணைத்துப் பிடிக்கிற செல்கள் உண்டு. வருடக்கணக்கில் சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் முதலில் சாவது அந்தச் செல்கள். பிடிமானம் போன இடத்தில் குழாய் குட்டிக் குட்டியாகப் புடைக்கும். நாங்கள் லென்ஸ் வழியாகப் பார்க்கும்போது ஊசி முனையால் சிவப்பு மையைத் தொட்டு வைத்ததுபோலத் தெரிவது அதுதான். புடைத்த இடம் கசியும். கசிவு நடுப்பார்வைப் பகுதியில் தேங்கினால் எழுத்து மங்கும், நேர்க்கோடு வளைந்து தெரியும். அடுத்த கட்டத்தில் சில குழாய்கள் அடைத்துக்கொள்ளும். ரத்தம் கிடைக்காத விழித்திரை விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து, புதுக்குழாய்களை முளைக்க வைக்கும். பாலாற்று ஓரத்தில் கிணறு வற்றினதும் ஆளாளுக்கு அவசரமாக போர் போடுகிற மாதிரிதான் இது. அந்தப் புதுக்குழாய்கள் பலமில்லாதவை. ஒருநாள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும், அல்லது தழும்பாகி விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். உங்கள் அப்பாவுக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

விஇஜிஎஃப் புரதத்தை உண்டாக்கும் ஜீனில் ஆளுக்கு ஆள் சின்னச் சின்ன மாற்றங்கள் உண்டு. சர்க்கரையை வேறொரு பொருளாக மாற்றிச் செல்லுக்குள் தேக்குகிற ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதியின் ஜீனிலும் உண்டு. இப்படிப் பலவற்றைப் பல நாடுகளில் ஆராய்ந்தார்கள். ஒரு நாட்டில் "இதுதான்" என்று தோன்றியது இன்னொரு நாட்டில் நிற்கவில்லை. மொத்த ஜீன் தொகுப்பையும் அலசிய பெரிய ஆய்வுகளும் வந்துவிட்டன. இதுவரை தெரிவது, ஒரே ஒரு பெரிய ஜீன் இந்த நோயை ஓட்டவில்லை. ஏகப்பட்ட ஜீன்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தள்ளுகின்றன என்பதுதான்.

எச்சில் பரிசோதனைக்கு என் பதில் இதிலேயே இருக்கிறது. வேண்டாம். உங்கள் விழித்திரை கெடுமா கெடாதா என்று சொல்லக்கூடிய ஜீன் பரிசோதனை இன்றைக்குக் கிடையாது. அந்த அறிக்கையில் சர்க்கரை வரும் வாய்ப்பு இத்தனை என்று போட்டிருக்கும். உங்களுக்கு ஏற்கனவே வந்துவிட்டது. கண்ணுக்கு ஆபத்து குறைவு என்று வந்தால் நீங்கள் அசட்டையாக இருந்துவிடுவீர்கள், அதிகம் என்று வந்தால் தூக்கம் போகும். இரண்டு வகையிலும் நான் உங்களுக்குச் சொல்லப்போகும் வைத்தியம் மாறாது. அப்பாவின் கதை, பெரியப்பாவின் கதை, அண்ணனின் கண் நிலை, இவைதான் இப்போதைக்கு நம்மிடம் இருக்கிற நல்ல ஜீன் பரிசோதனை. அதற்குக் காசும் இல்லை.

ஜீன் பரிசோதனை உண்மையிலேயே உதவுகிற சில குடும்பங்கள் உண்டு. உங்கள் கடிதத்தைப் படித்தால் அப்படித் தோன்றவில்லை. ஆனாலும் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது பயன்படும் என்பதால் சொல்கிறேன். ஒரு குடும்பத்தில் அம்மா வழியில் சர்க்கரையும் காது கேளாமையும் சேர்ந்தே வந்துகொண்டிருந்தால், அது செல்லுக்குச் சக்தி தருகிற மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதியின் ஜீனில், தாயிடமிருந்து மட்டுமே இறங்குகிற மாற்றமாக இருக்கலாம். அதில் விழித்திரை நடுவில் வருகிற பாதிப்பு வேறு மாதிரி. அப்புறம், சிறு குழந்தைக்குச் சர்க்கரை வந்து, சில வருடத்தில் லேசருக்கோ கண்ணாடிக்கோ கட்டுப்படாமல் இரண்டு கண் பார்வையும் குறைந்துகொண்டே போனால், வுல்ஃப்ராம் நோய் என்ற ஒன்றை நினைக்க வேண்டும். அதில் கெடுவது கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பு. மூன்றாவது ஒன்று, இது நல்ல செய்தி. ஜிசிகே என்ற ஜீனில் மாற்றம் உள்ளவர்களுக்குப் பிறந்ததிலிருந்தே வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-க்கும் 145-க்கும் நடுவில் நின்றுகொண்டிருக்கும். மாத்திரை பெரும்பாலும் தேவையில்லை, கண்ணைக் கெடுக்கும் அளவுக்குப் போவதும் அபூர்வம். காலமெல்லாம் சர்க்கரை லேசாகக் கூடியிருந்தும் கண் தப்பிக்கிறது என்றால், எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதுதான் கணக்கு என்று நான் புரிந்துகொள்கிறேன். உங்கள் 8.4-ஐ இறக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது உங்கள் அண்ணன் சொல்வதில் மீதிப் பாதி. ஒரு குடும்பத்தில் ஜீன் மட்டும் இறங்குவதில்லை. சாப்பாடு, பீடி, ரத்த அழுத்தத்தைப் பார்க்காமல் விடுவது, "கண் நல்லாத்தானே தெரியுது" என்று இருந்துவிடுவது, இதெல்லாமும் சேர்ந்தே இறங்கும். அப்பாவுக்கு 1998-ல் பார்வை போனது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் ஒருமுறையாவது சொட்டு மருந்து போட்டு அவருடைய விழித்திரையை யாராவது பார்த்தார்களா என்று எழுதவில்லை. அன்றைக்கு வட ஆற்காட்டுக் கிராமங்களிலிருந்து எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலானோர் ஒரு கண் போய், மறுகண்ணும் மங்கின பிறகுதான் வந்தார்கள். லேசர் சிகிச்சை இருந்தது. 1970-களிலேயே அதன் பலன் நிரூபணமாகிவிட்டது. ஆனால் லேசர், இருக்கிற பார்வையைக் காக்கும், போனதைத் திருப்பித் தராது. விஇஜிஎஃப் புரதத்தைத் தடுக்கிற ஊசி மருந்துகள் கண்ணுக்குப் பரவலாக வந்தது 2005-க்குப் பிறகு. அப்பாவின் காலத்தில் அது இல்லை. ஆக, அவருக்குப் பார்வை போனதை முழுக்க ஜீன் கணக்கில் எழுதுவது அவருக்கும் நியாயமில்லை, உங்களுக்கும் நியாயமில்லை.

சென்னையில் வீடுவீடாகச் சென்று எடுத்த ஆய்வு ஒன்று 2005-ல் வந்தது. சர்க்கரை உள்ளவர்களில் நூற்றுக்குப் பதினேழு பதினெட்டுப் பேருக்குத்தான் விழித்திரையில் ஏதாவது பாதிப்பு இருந்தது, அதிலும் பலருக்கு ஆரம்ப நிலை. நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023-ல் சொன்னது. அத்தனை பேரில் பெரும்பாலானோர் கண்ணோடுதான் வாழ்கிறார்கள்.

உங்கள் கையில் இருப்பதில் சர்க்கரை முதலாவது. 1993-ல் முடிந்த அமெரிக்க ஆய்வில், முதல் வகை சர்க்கரை உள்ளவர்கள் கடுமையாகக் கட்டுப்படுத்தியபோது புதிதாக விழித்திரை பாதிக்கிற ஆபத்து 76 சதவீதம் குறைந்தது. அதில் கலந்துகொண்டவர்களுக்குள்ளும் எல்லா விதமான ஜீனும் இருந்திருக்கும்தானே? கட்டுப்பாட்டின் பலன் ஆய்வு முடிந்த பிறகும் பல வருடம் நீடித்தது. முதல் சில வருடங்களில் சர்க்கரையை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதை ரத்தக்குழாய்கள் ஞாபகம் வைத்திருக்கின்றன. உங்களுக்குச் சுகர் தெரிந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. 8.4-ஐ 7-க்குப் பக்கத்தில் கொண்டுவர உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். ஆனால் கண்ணைக் காட்டிவிட்டு அதைச் செய்யுங்கள். ஏற்கனவே பாதிப்பு உள்ள கண்ணில், சர்க்கரையைத் தடாலடியாக இறக்கினால் கொஞ்ச நாளைக்குக் கசிவு கூடலாம். பாதிப்பு இருக்கிறதா என்று முன்பே தெரிந்தால் பார்த்துப் பார்த்து இறக்கலாம்.

ரத்த அழுத்தத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. இது எனக்குக் கவலையாக இருக்கிறது. 1998-ல் இங்கிலாந்தில் இரண்டாம் வகை சர்க்கரை உள்ளவர்களிடம் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு ரத்த அழுத்தம் சராசரியாக 154/87, இன்னொரு குழுவுக்கு 144/82. பத்துப் புள்ளி வித்தியாசம்தான். குறைவாக வைத்திருந்த குழுவில் விழித்திரை நோய் முற்றுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பார்வை மோசமாவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. குடியாத்தத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள். அத்தோடு சிறுநீரில் புரதம் போகிறதா, ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சிறுநீரகமும் விழித்திரையும் பெரும்பாலும் சேர்ந்தே கெடும். பொன்னாங்கண்ணிக் கீரை கண்ணுக்கு நல்லது என்று யாராவது சொல்வார்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்ல கீரை. கசியும் குழாயை அது அடைக்காது.

மகள் விஷயம். உங்கள் அக்கா மகன் அவளுக்கு அத்தை மகன். நம் பக்கத்தில் முறை மாப்பிள்ளை என்றால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும், எனக்குத் தெரியும். சர்க்கரையால் வரும் விழித்திரை நோய் இந்தச் சம்பந்தத்தால் தனியாக ஒன்றும் முளைத்துவிடாது. அது பல ஜீன்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும் நோய் என்று மேலே சொன்னேன். இரண்டு பக்கமும் சர்க்கரை இருப்பதால் பேரப்பிள்ளைகளுக்குப் பெரியவர்களான பிறகு சர்க்கரை வரும் வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். சொந்தத்தில் கட்டும்போது உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அத்தை மகன், மாமன் மகள் இருவருக்கும் ஜீன்களில் எட்டில் ஒரு பங்கு பொதுவாக இருக்கும். தாய்மாமனையே கட்டினால் நாலில் ஒரு பங்கு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒரே கெட்ட ஜீன் வந்தால் மட்டும் வெளிப்படுகிற நோய்கள் அப்போது பிள்ளைக்கு வர இடமுண்டு. மேலே சொன்ன வுல்ஃப்ராம் அதில் ஒன்று, சிறுவயதிலேயே இருட்டில் கண் தெரியாமல் போய்ப் பார்வை வட்டம் சுருங்கிக்கொண்டே வரும் விழித்திரை நோய்களில் பல அப்படிப்பட்டவை. ஆகவே அக்கா வீட்டாரோடு உட்கார்ந்து கேளுங்கள்: இரண்டு குடும்பத்திலும் பிறவியிலேயே காது கேளாதவர், சின்ன வயதில் பார்வை போனவர், சிறுவயதில் இறந்த குழந்தைகள் யாராவது உண்டா? உண்டு என்றால் நிச்சயம் செய்வதற்கு முன் மரபியல் ஆலோசனை வாங்குங்கள். வேலூர் சிஎம்சியில் அதற்கு வசதி இருக்கிறது. இல்லை என்றால் உங்கள் விருப்பம். என் அபிப்பிராயம் கேட்டால், வெளியில் பார்ப்பது நல்லது என்பேன். ஆனால் அதற்குக் காரணம் உங்கள் அப்பாவின் கண் கிடையாது. எங்கே கட்டிக்கொடுத்தாலும் மகளுக்கு இப்போதே ஒருமுறை சர்க்கரை பாருங்கள், கர்ப்பமானவுடன் மறுபடியும். சர்க்கரை உள்ள பெண் கர்ப்பமானால் விழித்திரை வேகமாகக் கெடலாம் என்பதால் முதல் மூன்று மாதத்துக்குள் கண்ணையும் காட்ட வேண்டும்.

கடைசியாக உங்கள் அண்ணன். இந்தக் கடிதத்தில் அவசரமாகக் கண்ணைக் காட்ட வேண்டியவர் அவர்தான். பத்து வருட சர்க்கரை, அப்பாவுக்குப் பார்வை போன குடும்பம், ஒருமுறைகூட விழித்திரை பார்க்கவில்லை. கண்ணாடிக் கடையில் பவர் பார்த்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். எழுத்தெல்லாம் தெளிவாகப் படிக்கிறவரின் கண்ணுக்குள் புதுக்குழாய் முளைத்திருப்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். நடுப்பார்வை தொடப்படாத வரை அவருக்கு ஒன்றும் தெரியாது. கண் முன்னால் கரும்புள்ளியோ சிலந்தி வலையோ மிதக்கிற மாதிரி தெரிந்தால் அன்றைக்கே வர வேண்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கக்கூடாது.

இரண்டு பேரும் ஒரே நாளில் வாருங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம், ஆரணி ரோட்டில் இருக்கும் ஷெல் கண் மருத்துவமனைக்குப் போகலாம், எங்கே வசதியோ அங்கே. "சொட்டு மருந்து போட்டு விழித்திரையைப் பாருங்கள், அப்பாவுக்குச் சுகரால் பார்வை போனது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கண்ணின் பாப்பா விரிய அரைமணி ஆகும், அதற்கப்புறம் நாலைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் எழுத்து தெரியாது. அதனால் பைக்கில் வர வேண்டாம், பஸ்ஸிலோ ரயிலிலோ வாருங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டு, சாப்பிடும் மாத்திரைகள், அப்பாவின் பழைய கண் சீட்டு வீட்டில் எங்காவது இருந்தால் அதையும் எடுத்துவாருங்கள். இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை என்று வந்தால் வருடம் ஒருமுறை போதும். அண்ணனுக்குப் பாதிப்பு தெரிந்து உங்களுக்கு இல்லை என்றால், உங்களை ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நானாக இருந்தால் அப்படித்தான் தேதி கொடுப்பேன்.